ஆர்.சி. ஹெலிகாப்டர் பேரிங்: தேய்ந்ததைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பிளேடின் பிட்ச் (சாய்வுக் கோணம்) மாறும் வகை ஹெலிகாப்டர்களுக்குத்தான் இது பொருந்தும், அதாவது 450 முதல் 700 அளவு வரை. 450 என்றால் பிளேடு நீளம் சுமார் 325 மி.மீ.; 700 என்றால் பேருக்கேற்ப 700 மி.மீ. பக்கம். பொம்மைக் கடையில் கிடைக்கும் இரட்டை விசிறி ஹெலிகாப்டருக்கு இதில் பாதிகூடப் பொருந்தாது.

ஒரு ஹெலிகாப்டரில் மொத்தம் எத்தனை பேரிங் இருக்கும்?

எண்ணிப் பார்த்தால் 30-ஐ நெருங்கும், பல மாடல்களில் தாண்டும். மெயின் ஷாஃப்டுக்கு இரண்டு அல்லது மூன்று. பிளேடைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கிரிப்பிலும் இரண்டு சாதா பேரிங், ஒரு த்ரஸ்ட் பேரிங் (வெளிப்பக்க இழுப்பைத் தாங்குவது). வாலிலும் அதே கதைதான், சின்ன அளவில். ஸ்வாஷ்பிளேட்டுக்குள் (சர்வோவின் அசைவைச் சுற்றும் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு) வளையல் மாதிரி மெலிதாக ஒன்று. வால் பிட்ச் ஸ்லைடரில் இரண்டு, வால் ஷாஃப்டுக்கு இரண்டு, மோட்டாரில் இரண்டு. பெல்ட்டுக்குப் பதிலாக டார்க் டியூப் (வாலைச் சுற்றவைக்கும் நீளமான குழாய்) இருந்தால் குழாய்க்குள் ஒளிந்தபடி ஒன்றோ இரண்டோ. மெயின் கியரின் நடுவில் ஒன்வே பேரிங். இது போக லீவர்களில் மிளகளவுக்குக் குட்டி குட்டியாகச் சில.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். உயிர் போகிற இடம் எது, தொல்லை தருகிற இடம் எது என்று பிரித்துக்கொண்டால் போதும். மெயின் கிரிப், வால் கிரிப், மெயின் ஷாஃப்ட் மூன்றும் முதல் ரகம். மற்றவை இரண்டாம் ரகம்.

சத்தம் எதுவும் வரவில்லையே, அப்படியானால் பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது?

இல்லை. இந்த ஒரு எண்ணத்தால்தான் நிறையப் பேர் ஹெலிகாப்டரைத் தொலைக்கிறார்கள்.

முழுச் சுற்றுச் சுற்றும் பேரிங் கெட்டால் கத்தும். மெயின் ஷாஃப்ட், வால் ஷாஃப்ட், மோட்டார் எல்லாம் அந்த வகை. ஆனால் கிரிப்பில் இருக்கும் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. பிட்ச் மாறும்போது இந்தப் பக்கம் 12 டிகிரி, அந்தப் பக்கம் 12 டிகிரி, அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. குண்டுகள் ஒரே இடத்தில் நின்று முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். அந்த இடத்திலிருந்து கிரீஸ் ஒதுங்கிப் போகும். அதிர்வில் உலோகமும் உலோகமும் உரசும். பாதையில் குண்டின் அளவுக்கே சின்னச் சின்னப் பள்ளம் விழும். வெளியே ஒரு சத்தமும் வராது. கையில் எடுத்து முழுச் சுற்றுச் சுற்றினால்தான் 'டக் டக்' என்று பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுவது தெரியும்.

ஆகவே காதை விட விரலை நம்புங்கள்.

கழற்றாமல் என்னென்ன பார்க்கலாம்?

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான். அப்புறம் மோட்டாரை நகர்த்தி, பினியனும் (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) மெயின் கியரும் தொடாமல் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் மோட்டாரின் காந்தம் இழுக்கும் இழுப்பை பேரிங்கின் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள்.

பிளேடுகளை எடுத்துவிட்டு மெயின் ஷாஃப்டின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். மேல் பேரிங் இருக்கும் இடத்தில் இன்னொரு கையின் விரல் நுனியை வைத்திருங்கள். ஆட்டம் இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். பிறகு மேலும் கீழும் இழுங்கள். மேல் கீழ் ஆட்டம் பெரும்பாலும் பேரிங்கால் வருவதில்லை. காலர் (ஷாஃப்டை இடத்தில் நிறுத்தும் வளையம்) சரியாக உட்காராததால் வரும்.

கிரிப்பைப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இரண்டு கிரிப்பையும் இரண்டு கையால் பிடித்து, வெளிப்பக்கம் பலமாக இழுத்துக்கொண்டே முறுக்குங்கள். பிறகு இழுக்காமல் சும்மா முறுக்குங்கள். இழுக்கும்போது மட்டும் கரகரவென்று சிக்கினால் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. சும்மா முறுக்கும்போதும் சிக்கினால் சாதா பேரிங். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் வெண்ணெய் மாதிரித் திரும்பினால், மூடிவைத்துவிட்டுப் பறக்கப் போகலாம்.

பேரிங்கைச் சுற்றி பழுப்பாகவோ கறுப்பாகவோ மாவு மாதிரிப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழுப்பு மாவு என்றால் உரசி உரசி வந்த இரும்புத் துரு. அலுமினிய பிளாக்கின் ஓட்டை ஓரத்தில் கறுப்புச் சாம்பல் தெரிந்தால், வெளி வளையமே ஓட்டைக்குள் நழுவிச் சுற்றுகிறது என்று அர்த்தம். அப்போது புது பேரிங் மட்டும் போட்டால் போதாது, பிளாக்கையும் மாற்ற வேண்டிவரும்.

கழற்றிய பேரிங்கை எப்படிச் சோதிப்பது?

நுனி கூரான மூங்கில் குச்சி ஒன்று போதும், பெரிய பல்குத்தும் குச்சி கூட ஆகும். பேரிங்கை அதில் செருகி, உள் வளையம் நகராதபடி லேசாக இறுக்குங்கள். வெளி வளையத்தை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுண்டிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பது வீண் வேலை. கிரீஸ் நிறைந்த புதுப் பேரிங் அரைச் சுற்றில் நிற்கும். கிரீஸ் எல்லாம் வற்றிப்போன செத்த பேரிங் பம்பரம் மாதிரிச் சுற்றும்.

மெதுவாகச் சுற்றும்போதே பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். ஒரே இடத்தில் ஒரு முறை 'டக்' என்றால் உள்ளே தூசி இருக்கலாம். ஒரே சீரான இடைவெளியில் வரிசையாக 'டக் டக்' என்றால் பள்ளம் விழுந்திருக்கிறது, குப்பையில் போடுங்கள். மணல் மாதிரி நறநற என்றாலும் குப்பைதான்.

வெளி வளையத்தைச் சாய்த்து ஆட்டிப் பார்க்கும்போது கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம். சின்ன பேரிங்கில் அந்த அளவு சாய்வு புதிதிலேயே இருக்கும். பக்கத்தில் ஒரு புதுப் பேரிங்கை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அதனால்தான் எந்த அளவு வாங்கினாலும் ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

வால் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஜைரோவா, பேரிங்கா?

இந்தக் கேள்விக்கு நான் காசு கொடுத்துப் பதில் கற்றவன். என்னுடைய 500-ல் ஒரு நாள் வால் இடமும் வலமும் துடிக்க ஆரம்பித்தது. ஜைரோ என்பது வாலை நேராக நிறுத்தும் கருவி; அதன் கெயினை, அதாவது எவ்வளவு பலமாகத் திருத்தும் என்ற அளவை, குறைத்தேன். கொஞ்சம் அடங்கியது, ஆனால் காற்றில் வால் நிற்கவில்லை. பிட்சை நகர்த்தும் குட்டி மோட்டாரான சர்வோதான் பழசாகிவிட்டது என்று புது வால் சர்வோ வாங்கி மாட்டினேன். அதே துடிப்பு. கடைசியில் எரிச்சலில் வாலின் பிட்ச் ஸ்லைடரை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால், சர்வோ கை அசையவே இல்லை, ஸ்லைடர் மட்டும் முன்னும் பின்னும் ஒரு மயிரிழை நகர்கிறது. உள்ளே இருந்த இரண்டு குட்டி பேரிங்கும் தேய்ந்து போயிருந்தன. சர்வோ விலையில் அந்த மாதிரி பேரிங் ஒரு டப்பா வாங்கியிருக்கலாம்.

ஜைரோவின் பார்வையில் யோசியுங்கள். அது சர்வோவுக்கு 'நகரு' என்கிறது, சர்வோ நகர்கிறது, நடுவில் இருக்கும் ஆட்டத்தில் அந்த நகர்வு காணாமல் போகிறது. வால் திரும்பவில்லையே என்று இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறது. ஆட்டம் முடிந்ததும் திடீரென்று அதிகமாகத் திரும்புகிறது. மறுபடி எதிர்ப்பக்கம். இதுதான் துடிப்பு. ஆகவே கெயினைத் தொடுவதற்கு முன் ஸ்லைடர், வால் லீவர், வால் கிரிப் மூன்றையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.

த்ரஸ்ட் பேரிங்கின் இரண்டு வாஷரும் ஒன்றா? எதை எங்கே போடுவது?

ஒன்று மாதிரித் தெரியும், ஒன்றல்ல. த்ரஸ்ட் பேரிங் மூன்று துண்டு: இரண்டு வாஷர், நடுவில் குண்டுகள் பதித்த கூடு. ஒரு வாஷரின் ஓட்டை கொஞ்சம் சிறியது, இன்னொன்றின் ஓட்டை கொஞ்சம் பெரியது. வெர்னியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்பிண்டிலில் (இரண்டு கிரிப்பும் மாட்டியிருக்கும் குறுக்குத் தண்டு) போட்டுப் பாருங்கள். ஒன்று கச்சிதமாக உட்காரும், இன்னொன்று தொளதொளவென்று இருக்கும்.

தொளதொள வாஷர் உள்ளே, ஹெட் (ரோட்டரின் நடுப்பகுதி) பக்கம். கச்சிதமான வாஷர் வெளியே, ஸ்பிண்டில் போல்ட் பக்கம். காரணம் தெரிந்தால் மறக்காது. பிளேடு சுற்றும்போது கிரிப் வெளியே பறக்கப் பார்க்கிறது. கிரிப்போடு சேர்ந்து திரும்பும் வாஷர் உள்ளே இருப்பது, அது ஸ்பிண்டிலைத் தொடக் கூடாது. போல்ட்டோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் வாஷர் வெளியே இருப்பது, அது ஸ்பிண்டிலில் நடுவாக உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் உள் வாஷர் ஸ்பிண்டிலோடு உரசும், பிட்ச் இறுகும், கொஞ்ச நாளில் கூடு பிய்ந்து குண்டுகள் சிதறும்.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 450-ன் ஒரு பிளேடு சுமார் 35 கிராம். நிமிடத்துக்கு 2800 சுற்றில் அது கிரிப்பை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 60 கிலோ. 700-ன் பிளேடு 185 கிராம் என்று வைத்தால், 2000 சுற்றில் 370 கிலோவை எட்டும். கிட்டத்தட்ட 15 சிப்பம் அரிசியை அந்தக் கட்டைவிரல் அளவு வளையத்தில் தொங்கவிட்ட மாதிரி. இதனால்தான் த்ரஸ்ட் பேரிங்கை மட்டும் 'இன்னும் ரெண்டு ஃப்ளைட் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட மாட்டேன்.

கிரீஸ் வைக்க மறக்காதீர்கள். சாதா பேரிங்கில் கிரீஸ் அடைத்தே வரும். த்ரஸ்ட் பேரிங் திறந்த உடம்பு, சிலது எண்ணெய்ப் பசையோடு மட்டும்தான் வரும். வால் கிரிப்பில் 20, 30 ஃப்ளைட்டுக்கு ஒரு முறை நான் புதுக் கிரீஸ் வைக்கிறேன்.

எத்தனை ஃப்ளைட்டுக்கு ஒரு முறை பேரிங் மாற்ற வேண்டும்?

கணக்கு வைத்து மாற்றச் சொல்பவர்களை நான் ஒப்புவதில்லை. இப்படிப் பாருங்கள்: மெயின் ரோட்டர் 2000 சுற்று, வால் அதைப் போல நாலரை மடங்கு என்றால் வால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 9000 சுற்று. ஐந்து நிமிட ஃப்ளைட்டில் 45 ஆயிரம், நூறு ஃப்ளைட்டில் 45 லட்சம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் வீட்டில் 350 ஆர்.பி.எம்.மில் ஓடும் சீலிங் ஃபேன் அந்த 45 லட்சத்தை ஒன்பதே நாளில் சுற்றிவிடும், அதன் பேரிங்கோ வருஷக்கணக்கில் ஓடுகிறது.

ஆகவே பேரிங்கைக் கொல்வது சுற்று எண்ணிக்கை அல்ல. கீழே விழுந்த அடி, வளைந்த ஷாஃப்ட், தூசி, அதிகமாக இறுக்கிய பெல்ட், பல்லோடு பல் நெருக்கி வைத்த பினியன், இவைதான். செம்மண் மைதானத்தில் பறப்பவருக்கு 50 ஃப்ளைட்டில் போவது, புல்தரையில் பறப்பவருக்கு 300 ஃப்ளைட் வரும். கடற்கரைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டு அப்படியே பெட்டியில் வைத்தால் துரு தனிக் கணக்கு.

என் வழக்கம் 40, 50 ஃப்ளைட்டுக்கு ஒரு முறை எல்லா இடத்திலும் விரல் சோதனை. மாற்றுவது தேவைப்பட்டால் மட்டும்.

கீழே விழுந்தால் எதையெல்லாம் மாற்றுவது?

மெயின் பிளேடு தரையில் அடித்திருந்தால் ஸ்பிண்டிலை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள், மெயின் ஷாஃப்டையும் அப்படியே. அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் வளைந்திருக்கிறது. ஸ்பிண்டில் வளைந்திருந்தால் கிரிப்பின் பேரிங் நான்கையும் த்ரஸ்ட் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவேன். விழுந்த அடியின் வேகத்தில் குண்டு பாதையை ஒரு நொடி அழுத்தினாலே பள்ளம் விழும். அன்றைக்கு விரலுக்குத் தெரியாது, பத்து ஃப்ளைட் கழித்துத் தெரியும்.

மெயின் ஷாஃப்ட் மட்டும் வளைந்திருந்தால் மேல் பேரிங்கை மாற்றுங்கள், கீழே இருப்பதைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேரிங் அளவை எப்படிச் சொல்லி வாங்குவது?

மூன்று எண் போதும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். மூன்றையும் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். பேரிங் மேலேயே எண் பொறித்திருந்தால் இன்னும் சுலபம். எம்.ஆர். என்று தொடங்கும் எண்ணில் ரகசியம் ஒன்றுமில்லை, முதலில் வெளி விட்டம், கடைசியில் உள் விட்டம். எம்.ஆர். 105 என்றால் வெளியே 10, உள்ளே 5. எம்.ஆர். 63 என்றால் வெளியே 6, உள்ளே 3. எம்.ஆர். 128 என்றால் 12, 8. தடிமனை மட்டும் தனியாகக் கவனியுங்கள். மூடி உள்ளதும் மூடி இல்லாததும் பல அளவுகளில் தடிமனில் வேறுபடும். முன்னால் எஃப் என்று இருந்தால் ஓரத்தில் விளிம்பு உள்ளது.

மூன்றிலக்க எண்ணில் வருபவை கொஞ்சம் பெரியவை: 623 என்றால் 3, 10, 4, 625 என்றால் 5, 16, 5, ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் 608 என்றால் 8, 22, 7. இந்த மாதிரி எண்ணெல்லாம் மோட்டார் ரிப்பேர்க்காரர்கள் போகும் சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும். எம்.ஆர். வகைக்கு ஆன்லைன்தான். கடையில் 'ஹெலிகாப்டருக்கு' என்று சொல்லாதீர்கள், கதை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணைச் சொல்லுங்கள், போதும்.

இசட்.இசட்., 2 ஆர்.எஸ்., ஏபெக் என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

இசட்.இசட். என்றால் இரண்டு பக்கமும் உலோக மூடி. 2 ஆர்.எஸ். என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. ரப்பர் தூசியை நன்றாகத் தடுக்கும், சுற்றக் கொஞ்சம் கனமாக இருக்கும். செம்மண்காரர்கள் மெயின் ஷாஃப்டுக்கும் டார்க் டியூபுக்கும் ரப்பர் மூடி போடலாம்.

ஏபெக் 1, 3, 5, 7, 9 என்பது வளையங்களைக் கடைந்த துல்லியம் மட்டும். குண்டின் தரம், கிரீஸின் தரம், தாங்கும் எடை பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பேரில்லாத பாக்கெட்டில் 'ஏபெக் 9' என்று அச்சடித்திருப்பதைவிட, என்.எம்.பி., ஈ.இசட்.ஓ., என்.எஸ்.கே. போன்ற ஜப்பான் தயாரிப்பில் சாதாரண தரமே மேல்.

செராமிக் குண்டு பேரிங்? எனக்கு அதில் நம்பிக்கையில்லை. லேசானது, சூடாகாது, எல்லாம் சரி. ஆனால் நம் ஹெலிகாப்டர் அடிக்கடி தரையில் விழுகிற ஜாதி. செராமிக் குண்டு எஃகைவிடக் கடினம், அடி வாங்கும்போது எஃகுப் பாதையில் பள்ளம் போட்டுவிட்டு அது மட்டும் அப்படியே இருக்கும்.

டபிள்யூ.டி. 40 அடித்தால் சரியாகிவிடுமா?

சத்தம் நிற்கும், பேரிங் போகும். அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், அதற்குப் பதிலாக அது விட்டுப்போகும் எண்ணெய் நம் வேகத்துக்கு நிற்காது. நல்ல பேரிங் ஒன்று மண் விழுந்து நறநறத்தால், ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, காயவைத்து, புது கிரீஸ் கொஞ்சம் வைத்து மூடலாம். லீவருக்கும் ஸ்வாஷ்பிளேட்டுக்கும் அப்படிச் செய்திருக்கிறேன். கிரிப்புக்கு ஒருநாளும் செய்ய மாட்டேன்.

இறுகிப்போன பேரிங்கை எப்படி வெளியே எடுப்பது?

சூடுதான் மந்திரம். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், பழைய லாக்டைட் பசையின் பிடியும் சூட்டில் தளரும். ஹாட் ஏர் கன் இருந்தால் பிளாக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். எச்சில் தொட்டு வைத்தால் சுர்ரென்று போகும் சூடு வந்ததும், பிளாக்கை மரக்கட்டையில் 'தொம்' என்று தட்டுங்கள். பாதி நேரம் பேரிங் தானாக விழுந்துவிடும். பிளாஸ்டிக் பாகத்துக்கு இந்த வேலை கூடாது. அங்கே ஹேர் டிரையர் சூடுதான் எல்லை.

விழாவிட்டால், எல் வடிவ ஆலன் கீயின் குட்டைக் கொக்கியை உள்ளே விட்டு, உள் வளையத்தின் ஓரத்தில் மாட்டி, இந்தப் பக்கம் ஒரு தட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று நகர்த்துங்கள். பின்பக்கம் அடைத்த ஓட்டையில் உட்கார்ந்த பேரிங்குக்கு ஒரு வித்தை உண்டு. ஓட்டை முழுக்கக் கெட்டி கிரீஸ் அடைத்து, உள் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு கம்பியை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினால், கிரீஸின் அழுத்தமே பேரிங்கைப் பின்னால் தள்ளி வெளியே கொண்டுவரும். கிரீஸுக்குப் பதில் நனைத்த டிஷ்யூ பேப்பரும் வேலை செய்யும். முதன்முறை பார்க்கும்போது சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருக்கும்.

இப்படி வெளியே தட்டி எடுத்த பேரிங்கை மறுபடி போடாதீர்கள். உள் வளையத்தில் தட்டிய தட்டு குண்டு வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போயிருக்கிறது.

புதியதை உள்ளே போடும்போது?

அதே விதிதான். ஓட்டைக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தில் அழுத்துங்கள், ஷாஃப்ட் மேல் ஏற்றும்போது உள் வளையத்தில் அழுத்துங்கள். வெளி வளையத்தின் அளவுக்குச் சரியான ஒரு பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட் கையில் இருந்தால் அதைவிட நல்ல கருவி வேண்டாம். பேரிங்கை ஒரு பாலிதீன் உறையில் போட்டு அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பிளாக்கை லேசாகச் சூடாக்கினால், பெரும்பாலும் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உட்கார்ந்துவிடும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் எங்கேயோ கோணல் இருக்கிறது. நிறுத்துங்கள், எடுங்கள், மறுபடி நேராக வையுங்கள்.

ஓட்டையில் கொஞ்சம் தளர்வாக இருந்தால் பச்சை லாக்டைட் ஒரு துளி. நீலம் ஸ்க்ரூவுக்கு, பச்சை பேரிங்குக்கு. அதைப் பல்குத்தும் குச்சியால் ஓட்டையின் சுவரில் தடவுங்கள், பேரிங்கின் மேல் ஊற்றாதீர்கள். மூடியின் இடுக்கு வழியாக ஒரு சொட்டு உள்ளே போனால் பேரிங் கல்லாகிவிடும். பிளாஸ்டிக் பாகத்தில் லாக்டைட் வேண்டாம், பல வகைப் பிளாஸ்டிக் அதில் வெடித்துப்போகும்.

மெயின் ஷாஃப்ட் பேரிங் மாற்றும்போது ஃப்ரேமில் பிளாக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் தளர்வாக வையுங்கள். ஷாஃப்டை மேலிருந்து விடுங்கள். அது தன் எடையிலேயே வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். பிறகு ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போதே ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்குங்கள். ஒவ்வொன்றை இறுக்கியதும் ஷாஃப்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்த ஸ்க்ரூவில் சிக்க ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கோணல். இதைச் செய்யாமல் மொத்தமாக இறுக்கினால் புதுப் பேரிங்கும் இருபது ஃப்ளைட்டில் பழசுதான்.

எல்லாம் புதுசு, ஆனாலும் கிரிப் இறுக்கமாக இருக்கிறதே?

ஸ்பிண்டில் போல்ட்டை இறுக்கியதும் மட்டும் இறுகுகிறதா? அப்படியானால் நடுவில் ஒரு மெல்லிய ஷிம் வாஷர் விட்டுப்போயிருக்கும். பழைய பேரிங்கின் பின்பக்கம் கிரீஸில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்கலாம். போய்த் தேடுங்கள்.

ஒன்வே பேரிங்கையும் இப்படித்தான் பார்ப்பதா?

இல்லை, அதில் குண்டு கிடையாது, ஊசி மாதிரி உருளைகள். மோட்டார் நின்றாலும் ரோட்டர் தொடர்ந்து சுற்ற விடுவது அதன் வேலை. ஒரு பக்கம் சுற்றினால் வழுக்க வேண்டும், மறு பக்கம் உடனே பிடிக்க வேண்டும். கையால் பிடித்துப் பலமாக முறுக்கும்போது ஒரு கணம் நழுவிப் பிடித்தால் மாற்றிவிடுங்கள்; த்ராட்டில் கூட்டும்போது வால் உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே ஓடும் எஃகுக் குழாயில் கோடு விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். கெட்டி கிரீஸ் அடைக்காதீர்கள், உருளை பிடிக்காமல் வழுக்கும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். மாற்றும்போது திசை மாறினால் மோட்டார் மட்டும் ஓடும், ரோட்டர் நிற்கும். அப்போதுதான் தெரியும்.

நைட்ரோ எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு?

கிராங்க் ஷாஃப்டின் முன் பேரிங், பின் பேரிங் இரண்டும் துருப்பிடித்துச் சாவதுதான் வழக்கம். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நைட்ரோமீத்தேன் எரிந்து மிஞ்சுவது அரிக்கும். அன்றைய கடைசி ஃப்ளைட்டில் டேங்க் காலியாகும்வரை ஓட்டி நிறுத்திவிட்டு, ஆஃப்டர் ரன் எண்ணெய் (ஓட்டி முடித்ததும் விடும் துருத்தடுப்பு எண்ணெய்) சில சொட்டு விட்டுக் கையால் சுற்றி வையுங்கள். எக்ஸாஸ்ட் எண்ணெய் பழுப்பாக வந்தால் துரு தொடங்கிவிட்டது.

ஃப்ளைபார்லெஸ் யூனிட்டில் வரும் அதிர்வு வரைபடம் உதவுமா?

ஃப்ளைபார்லெஸ் யூனிட் என்பது ஹெலிகாப்டரை நிலையாக வைக்கும் மின்னணுக் கருவி. அதன் வரைபடம் உதவும், எந்த எண்ணில் பார்ப்பது என்று தெரிந்தால். ரோட்டர் 2000 சுற்று என்றால் நொடிக்கு 33. 33 ஹெர்ட்ஸில் மேடு எழுந்தால் அது மெயின் ரோட்டர்: பிளேடு எடைச் சமன், வளைந்த மெயின் ஷாஃப்ட். வால் 9000 என்றால் 150 ஹெர்ட்ஸ். கெட்ட பேரிங் இந்த எண்களில் நேராக உட்காராது. வெளிப் பாதையில் பள்ளம் விழுந்தால், குண்டுகளின் எண்ணிக்கையைச் சுற்று வேகத்தால் பெருக்கி அதில் 0.4 பங்கு எடுத்தால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும். எட்டு குண்டு, 33 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 106. எந்தச் சுற்றோடும் பொருந்தாத ஒரு மேடு புதிதாக முளைத்தால் என் முதல் சந்தேகம் பேரிங் மேல்தான். ஹெலிகாப்டர் நன்றாக இருக்கும்போதே ஒரு வரைபடம் எடுத்துச் சேமித்து வையுங்கள், பிறகு ஒப்பிட ஆகும். கிரிப் பேரிங் மட்டும் இதிலும் சிக்காது, அது சுற்றினால்தானே.

மாற்றி முடித்ததும் நேராகப் பறக்கலாமா?

மெயின் பிளேடு, வால் பிளேடு இரண்டையும் கழற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு பேரிங் பிளாக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே கோணல் அல்லது இறுக்கம். சரியென்றால் பிளேடு மாட்டி, தள்ளி நின்று, இடுப்பு உயரத்தில் ஒரு நிமிடம் ஹோவர் செய்து இறக்குங்கள். எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி ஒரு முறை. அப்புறம் உங்கள் இஷ்டம்.

கழற்றிய பழையதை என்ன செய்வது?

பழையதையும் புதியதையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், நான் போட்டு ஒருமுறை பழையதையே மறுபடி மாட்டியிருக்கிறேன். கழற்றியவுடன் வெளி வளையத்தில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு அளவிலும் ஒன்று மட்டும் வைத்துக்கொண்டால் புதியதை அழுத்தி உட்கார வைக்கும் கருவியாகப் பயன்படும், வெளி வளையத்தின் அளவு அச்சாகப் பொருந்தும். மீதியைப் பக்கத்து வீட்டுப் பையன் பம்பரம் செய்யக் கேட்டால் கொடுங்கள்.